பெரியவர் போயிட்டார், அத்தையும் சொல்லிட்டாங்க

அலுவலகத்தில் அவளுக்கு நாடிக்காரி என்று பெயர். வைத்தியத்துக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அவள் பிடித்துப் பார்ப்பது கம்ப்யூட்டர்களின் நாடியை.

முதலில் அவள் போன் எடுக்கும் பிரிவில் இருந்தாள். எதிர்முனையில் சத்தம் இல்லையென்றால் சட்டென்று இணைப்பைத் துண்டித்துவிட்டு அடுத்த ஆளை எடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. இவள் துண்டிக்க மாட்டாள். கண்ணாடியைத் தேடுகிறவர்கள் இருப்பார்கள், அடுப்பை அணைக்கப் போனவர்கள் இருப்பார்கள், குழந்தையின் வாயிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருப்பவர்கள் இருப்பார்கள். காத்திருப்பாள். மந்தம் என்று மாதாமாதம் திட்டு வாங்கினாள். கடைசியில் இவளால் கணக்கு கெடுகிறது என்று சர்வர் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அந்த மந்தத்துக்குத்தான் அங்கே சம்பளம் என்று.

வேலை இதுதான். நகரத்தின் பல் மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து ஒரே முன்பதிவு ஏற்பாடு வைத்திருந்தன. எந்தப் பல், எந்த டாக்டர், எந்த நாற்காலி, எத்தனை மணி என்பதெல்லாம் ஒரு சர்வரில் இருக்கும். அது படுத்துவிட்டால் அந்த இடத்தில் உட்கார இன்னொரு சர்வர் தயாராக நிற்கும். ஒவ்வொரு விநாடியும் முதல் சர்வர் இரண்டாவதிடம் ‘இருக்கிறேன்’ என்று ஒரு துடிப்பு அனுப்பும். இத்தனை துடிப்பு தொடர்ந்து வராவிட்டால் ஆள் காலி, அடுத்தவர் வந்து உட்காரலாம் என்று ஒரு கணக்கு. அந்த ‘இத்தனை’ எத்தனை என்பதுதான் நாடிக்காரியின் பிழைப்பு. குறைத்து வைத்தால் தும்மினவரையும் செத்தவர் கணக்கில் சேர்த்துவிடும். கூட்டி வைத்தால் நிஜமாகவே போனவர் கிடையாய்க் கிடக்க, வாசலில் சனம் பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

சர்வர்களுக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது அவளுக்குக் கல்யாணமான புதிது. பெரியவர் சொன்னார், சின்னவர் கேட்டார் என்று புகுந்த வீட்டில் காலை முதல் இரவு வரை காதில் விழுந்துகொண்டிருந்த காலம். பெரியவர் மாமனார். சின்னவர் அவருடைய தம்பி, இரண்டு தெரு தள்ளி இருப்பவர். இருவருக்கும் ஐம்பது வருஷமாக யார் பெரியவர் என்பதில் தகராறு. பிறந்த தேதி தெளிவாக இருந்தும் சின்னவர் அதை ஒப்புக்கொண்டதில்லை. இவள் யோசிக்காமல் முதல் சர்வருக்குப் பெரியவர் என்றும், அதன் இடத்தைப் பிடிக்கக் காத்திருக்கும் இரண்டாவதற்குச் சின்னவர் என்றும் வைத்தாள்.

மூன்றாவதாக ஒரு குட்டி சர்வர் உண்டு. அது ஒரு வேலையும் செய்யாது. முதலாமவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்று இரண்டாமவருக்குச் சந்தேகம் வந்தால் அது ஓட்டு மட்டும் போடும். அதற்கு அத்தை என்று பெயர் வைத்தாள். மாமனாருக்குத் தங்கையும் சின்னவருக்கு அக்காவுமாக ஒருத்தி இருந்தாள். உறவுமுறை எதுவானாலும் அவள் எல்லோருக்கும் அத்தைதான். ஒரு காது நன்றாகக் கேட்கும், இன்னொரு காது தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்ளும்.

இந்தப் பெயர்கள் பத்து வருஷம் ஒரு வம்பும் செய்யாமல் இருந்தன. காரணம், அதுவரை அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். இடநெருக்கடி என்று எல்லோரையும் வீட்டிலிருந்தே பார்க்கச் சொன்ன பிறகு, கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் மேசை போட்டுக்கொண்டாள். அந்த அறையின் கதவு முழுசாகச் சாத்தாது.

அந்த வாரம் அவளுக்கு ஏழரை. பல் மருத்துவர்கள் சங்கத்தின் தலைவி ஒரு டாக்டரம்மா. ஒருமுறை சர்வர் படுத்து அடுத்தது எழுந்திருக்க அரை நிமிஷம் ஆகிவிட்டது என்பதற்காக, மூன்று விநாடிக்குமேல் பொறுக்க முடியாது என்று மேனேஜரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். மேனேஜருக்கு சட்டுபுட்டு என்று பெயர். எதையும் சட்டுபுட்டென்று முடிக்கச் சொல்வார், தான் மட்டும் எதையும் முடித்ததில்லை. மூன்று துடிப்பு போதும் என்று அவர் உத்தரவு போட்டார். வேண்டாம் சார், பத்தாவது வையுங்கள், துடிப்புக்கென்று தனியாக ஒரு வயர் இழுங்கள் என்று நாடிக்காரி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். எல்லா மருத்துவமனைகளும் பல் எக்ஸ்ரே படங்களை மொத்தமாக அனுப்பும் நேரத்தில் அந்த ஒற்றை வயரில் துடிப்பு நசுங்கிப்போகும், பெரியவர் கல்லுப்போல இருப்பார், ஆனால் அவர் குரல் வெளியே வராது என்றாள். சட்டுபுட்டு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரின் விரலில் நாடி பார்க்க மாட்டும் கிளிப் கழன்று விழுந்தாலும் மானிட்டர் கூவத்தான் செய்யும். அப்போது மெஷினைப் பார்க்கக் கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும். இது தெரியாதவர்கள்தான் ஊரைக் கூட்டுவார்கள்.

அவள் சொன்னபடியே ஆனது. மூன்று துடிப்பு தவறியது, சின்னவர் துள்ளி வந்து உட்கார்ந்தார். பெரியவரோ போகவே இல்லை. அவர்பாட்டுக்கு முன்பதிவு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் தானே முதலாளி என்று ஒரே நாற்காலியை ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்குக் கொடுத்துத் தள்ளினார்கள். மருத்துவமனைகளில் அடிதடி. இன்னும் ஒரே ஒரு தடவை ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் வந்தால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவோம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அவர்கள் போனால் நாடிக்காரி பழைய போன் பிரிவுக்கே போக வேண்டியதுதான், அதை சட்டுபுட்டு மிகுந்த கனிவோடு சொன்னார்.

அதற்கு இரண்டாம் நாள் காலை பெரியவர், அதாவது மாமனார், யாரிடமும் சொல்லாமல் வெளியே கிளம்பிப் போனார். தன் பல் இரும்பு, தன் தம்பி பல்தான் சொத்தை என்று ஊரெல்லாம் பெருமை அடித்தவர். கடைவாயில் இரண்டு பல் நான்கு நாளாக அவரைத் தூங்கவிடவில்லை. ரகசியமாக முன்பதிவு செய்துகொண்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, போனைத் தலையணைக்கு அடியிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன சற்று நேரத்தில் எக்ஸ்ரே படங்கள் கிளம்பின. நாடிக்காரியின் திரை சிவந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சட்டுபுட்டைக் கூப்பிட்டாள். அவர் சர்வர் அறையில் நின்றுகொண்டிருந்தார். அத்தை, இரண்டு நாள் தங்கிப் போக வந்த நிஜ அத்தை, கதவுக்கு வெளியே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“பெரியவர் போயிட்டாரு சார்,” என்றாள் நாடிக்காரி.

அத்தையின் கையில் இருந்த தலையணை உறை நின்றது.

“சத்தமே இல்ல சார். பக்கத்துல போய் யாரும் பார்க்கல, பார்க்கவும் நேரமில்ல. சின்னவர் அதுக்குள்ள வந்து உக்காந்துட்டாரு. ஆமா சார், அத்தையும் சொல்லிட்டாங்க, போயிட்டாருன்னுதான்.”

அத்தை இதுவரை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தன் பெயரில் ஒரு சேதி போய்விட்ட பிறகு சும்மா இருப்பது அவள் வழக்கமில்லை.

“நீங்க முதல்ல பெரியவரோட கரண்ட்டைப் பிடுங்கிடுங்க சார். அரைகுறையா எழுந்து வந்தாருன்னா ரெண்டு பேரும் சேர்ந்து எல்லாத்தையும் குட்டிச்சுவராக்கிடுவாங்க. இனிமே சின்னவர் பார்த்துக்கட்டும்.”

அதில் கரண்ட் எங்கே வந்தது என்று அத்தைக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஏதோ மெஷினில் வைத்திருக்கிறார்கள், மருமகள் நெஞ்சழுத்தக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் காரியம் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். எழுந்து போய்க் கூடத்து போனை எடுத்தாள். முதல் அழைப்பு சின்னவருக்கு. அண்ணன் போயிட்டாரு, இனிமே நீதான்னு மருமகளே சொல்லிட்டா, என்றாள். அழுதுகொண்டே அடுத்த எண்ணைத் தேடினாள்.

நாடிக்காரிக்கு இது எதுவும் தெரியாது. சட்டுபுட்டு பிளக்கைப் பிடுங்கினார், அதனால் புது ரகளை இல்லை. ஆனால் போன தடவை விழுந்த இரட்டைப் பதிவு ஒன்று அழிக்கப்படாமல் எங்கோ ஒளிந்திருந்து அன்றைக்கு முளைத்துவிட்டது. அதுவும் டாக்டரம்மாவின் சொந்த நாற்காலியில். இரண்டு ஆண்கள் ஒரே நேரத்துக்கு வந்து, ஒருவர் நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொள்ள, மற்றவர் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். எல்லாம் முடிஞ்சுதும்மா, டாக்டரம்மா உன்கிட்டயே பேசறேன்னு சொல்லியிருக்காங்க, லைன்லயே இரு, என்றார் சட்டுபுட்டு. அவள் ஹெட்போனைக் கழற்றாமல், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காத்திருந்தாள்.

வெளியே கூடம் நிறைந்துகொண்டிருந்தது.

சின்னவர் வந்த வேகத்தைப் பார்த்தால் ஐம்பது வருஷமாக வாசலிலேயே நின்றவர் போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அண்ணனின் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதில் அதுவரை வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. இரண்டு பக்கமும் அசைந்து பார்த்து, மெத்தை ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். பிறகு உத்தரவுகள் பறந்தன. வாசலில் நாற்காலி போடச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். டிவியைக் கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றச் சொன்னார். அதற்கும் துக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எப்போது கொண்டுவருவார்கள் என்று மட்டும் கேட்டார்கள். உள்ளே மருமகள் போனில் இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்று அத்தை சாத்தாத கதவைக் காட்டினாள். இடுக்கு வழியாகப் பார்த்தவர்களுக்குக் குனிந்த முதுகு தெரிந்தது. பாவம், யாரோடும் பேச முடியாத நிலையில் இருக்கிறாள் என்று நகர்ந்துவிட்டார்கள். அலுவலகத்தில் இருந்த அவள் கணவனுக்கு மூன்று முறை போன் போட்டார்கள். மீட்டிங்கில் இருந்தவன் எடுக்கவில்லை. செய்தி கேட்டு மயங்கி விழுந்திருப்பான் என்று அவனையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பெரியவர் திரும்பி வந்தார்.

இரண்டு பல் போயிருந்தது. கன்னம் பூசணி அளவுக்கு வீங்கியிருந்தது. துண்டைத் தாடையோடு சேர்த்துத் தலைக்குமேல் முடிச்சுப் போட்டிருந்தார். வாயில் பஞ்சு. ஒரு மணி நேரம் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பஞ்சைத் துப்பினால் ரத்தம் நிற்காது, அந்த மட்டில் சொன்னபடி கேட்டார்.

வாசலில் செருப்புகள், நாற்காலிகள், தலை குனிந்த சனம். உள்ளே அழுகைச் சத்தம். காலையில் தங்கை தலை சுற்றுகிறது என்று சொன்னது ஞாபகம் வந்தது. ஐயோ, தங்கச்சி போயிட்டா என்று முடிவு கட்டிவிட்டார். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார். தூரத்து உறவுக்காரர்கள் இருவர், அவரை ஆறேழு வருஷமாகப் பார்க்காதவர்கள், துண்டுக்குள் இருந்த வீங்கின முகத்தைப் பார்த்து யாரோ சீக்காளி என்று நினைத்து, பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்கள். உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“நல்ல மனுஷப் பிறவி,” என்றார் ஒருவர் பொதுவாக.

பெரியவர் தலையாட்டினார்.

“வாய்தான் கொஞ்சம் நீளம்.”

தங்கைக்கு வாய் நீளம்தான். தலையாட்டினார்.

கேரம் ஆடும்போது முழங்கையால் காயை நகர்த்துவது, அடுத்த வீட்டுப் பேப்பரை முதலில் படித்துவிட்டு மடிப்புக் கலையாமல் திருப்பிப் போடுவது, சாப்பிட்ட பிறகு பசியே இல்லை என்று சொல்வது என்று அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். இறந்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று அவருக்குக் கோபம் வந்தாலும், எல்லாம் தங்கையிடம் இருக்கிற குணம்தான், குடும்பத்துக் குணம். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

“அந்த மீசைக்கு அவ்வளவு மை எதுக்குன்னு நான் கேக்கணும்னு நெனச்சிருந்தேன். கடைசி வரைக்கும் கேக்கல,” என்றார் இரண்டாமவர்.

தலை பாதி ஆட்டத்தில் நின்றது.

தங்கைக்கு மீசை கிடையாது.

பெரியவர் எழுந்தார். ஏதோ சொன்னார். பஞ்சுக்குள்ளிருந்து வந்த சத்தத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. பாவம், ரொம்ப வேண்டியவர் போலிருக்கு, தாங்க முடியல, என்று இருவரும் அவரைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார்கள். அவர் திமிறினார். அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அதே சமயம் கூடத்துக்குள் தலையணைக்கு அடியில் ஒரு போன் அடித்தது. அத்தை எடுத்தாள். பேசியது பல் டாக்டரம்மா. இந்த போன்காரர் பல் பிடுங்கிக்கொண்டு, மருந்துச் சீட்டையும் கண்ணாடியையும் விட்டுவிட்டுக் கோபமாகப் போய்விட்டார், இருக்கிறாரா என்று கேட்டாள்.

அவர் போயிட்டாரும்மா, என்றாள் அத்தை. எங்கே என்று கேட்டதற்கு, ஒரேயடியா, என்றாள்.

டாக்டரம்மாவின் மருத்துவமனை அடுத்த தெருதான், முன்பதிவில் விலாசமும் இருந்தது. எப்படிக் கிளம்பி வந்தாளோ, கையில் கிளவுஸ் அப்படியே இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. ஊசி போட்டதற்குப் பத்து வருஷத்தில் ஒருவரும் போனதில்லை என்று ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே படியேறினாள். வாசலில் திமிறிக்கொண்டிருந்த துண்டு முடிச்சு ஆளை அவள் கவனிக்கவில்லை. செத்தவரை வாசலில் தேட அவளுக்குத் தோன்றவில்லை.

கூடத்தில் அவள் போட்ட சத்தம் ஹெட்போனையும் தாண்டி வந்தது. நாடிக்காரி வெளியே வந்தாள். சாய்வு நாற்காலியில் சின்ன மாமனார், இடம் மாறின டிவி, நிறைய சனம், ஒரு கிளவுஸ் போட்ட அம்மாள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன் அவள் கண் வாசலுக்குப் போனது. அவள் பழக்கம் அது, சத்தம் வரும் இடத்தைப் பார்க்காமல் சத்தம் வராத இடத்தைப் பார்ப்பது.

“மாமா, வெளியில ஏன் உக்காந்திருக்கீங்க? பல் பிடுங்கினீங்களா?”

பிடித்திருந்த இருவரும் கையை விட்டார்கள். ஒருவர் செருப்பைக்கூடப் போடவில்லை, அப்படியே படியிறங்கிப் போய்விட்டார். மீசையைப் பற்றிப் பேசினவர் அவர்தான்.

பெரியவர் நேரே கூடத்துக்குள் நடந்து, தன் நாற்காலியின் முன் நின்று, தம்பியைப் பார்த்துக் கையை ஆட்டினார். எழுந்திரு.

“இருங்கண்ணா, அவசரப்படாதீங்க,” என்றார் சின்னவர். “எல்லாருக்கும் சொல்லியாச்சு. நாற்காலியெல்லாம் வந்தாச்சு. கொஞ்ச நேரம் நானே பார்த்துக்கறேன்.”

பெரியவர் அவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில். ஒருவர் தண்ணீர் கொண்டா என்று சொன்னார், மற்றவர் வேண்டாம் என்று கையாட்டினார். டம்ளரோடு வந்த ஆள் நடுவில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

டாக்டரம்மா அதைப் பார்த்தாள். செத்துவிட்டதாகச் சொன்ன ஆள் இவர்தான், காலையில் தன் நாற்காலியில் ஏறிப் படுத்தவரும் இவர்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. “இது என்ன எங்க போனாலும் ரெண்டு பேரு?” என்றாள் பலவீனமாக.

“டாக்டர், உங்க சர்வரைப் பார்த்துக்கற நாடிக்காரி நான்தான்,” என்றாள், அந்தக் கேள்வியிலேயே ஆளைக் கண்டுகொண்ட மருமகள். “உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.”

பிறகு அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். யார் சொன்னது மாமா போயிட்டார்னு, என்று கேட்டாள்.

“நீதான்மா சொன்ன. நானும் சொல்லிட்டேன்னு வேற சொன்ன. அப்புறம்தான் நான் சொன்னேன்,” என்றாள் அத்தை. “போய்ப் பார்க்க நேரமில்லன்னும் நீதான் சொன்ன.”

நாடிக்காரிக்குப் புரிந்தது. சுருக்கமாக, சர்வர்களின் பெயரிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். பெரியவருக்குச் சர்வர் என்றால் என்ன என்பது முழுதாகப் புரியவில்லை. தன் பெயர் முதலாவதுக்கு, தம்பி பெயர் இரண்டாவதுக்கு என்ற மட்டும் புரிந்தது. வீங்கின முகத்தில் ஒரு திருப்தி வந்தது. சின்னவர் எழுந்து நின்று, அதை மாற்ற முடியுமா என்று கேட்டார். அந்த இடைவெளியில் பெரியவர் நாற்காலியை முழுசாகப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா கிளவுஸைக் கழற்றினாள். அத்தை அவளுக்கும் பெரியவருக்கும் சூடாகத் தேநீர் கொண்டுவந்தாள். பெரியவரின் டம்ளரை டாக்டரம்மாவும் நாடிக்காரியும் ஒரே சமயத்தில் தட்டிப் பறித்தார்கள். பல் பிடுங்கின அன்று சூடாகக் குடித்தால் கட்டின ரத்தம் கரைந்துவிடும். யாரும் சொல்லாமல் அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போனது.

“கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருந்தா, யாராவது வாசலைப் பார்த்திருந்தா, இவ்வளவு ஆகியிருக்காதே,” என்றாள் டாக்டரம்மா. “என் உயிர் போயிடுச்சு.”

“ஆமா டாக்டர். மூணு துடிப்புக்கு மேல பொறுக்க வேணாம்னு சொல்லியிருந்தாங்க.”

“யாரு சொன்னது?”

நாடிக்காரி காத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். டாக்டரம்மா தேநீரைக் குடித்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள், சாய்வு நாற்காலியைப் பார்த்தாள், சின்னவரைப் பார்த்தாள்.

“எவ்வளவு வேணும்?” என்றாள் கடைசியில்.

“பத்து. அப்புறம் துடிப்புக்கு மட்டும் தனி வயர்.”

“வச்சுக்கோம்மா. உங்க மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன். ஆனா எனக்கு ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள்தான் வேணும்.”

சட்டுபுட்டுக்கு அப்போதே போன் போட்டாள். அவர், நானும் இதைத்தான் மொதல்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன், என்றாராம்.

மூன்று வாரம் கழித்துத்தான் தனி வயர் வந்தது. ஆனால் கூத்து நடந்த அன்றைக்கு மதியமே, பெரியவருக்கு மறுபடி கரண்ட் கொடுக்கச் சொல்லி, பத்து வைத்துவிட்டாள். எக்ஸ்ரே படங்கள் மறுபடி கிளம்பின. திரையில் பெரியவர் ஒரு துடிப்பு தவறினார். இரண்டு. மூன்று. நான்கு. நாடிக்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாவதில் ‘இருக்கிறேன்’ என்று வந்தது. போன் பிரிவு அவளில்லாமலேயே நடந்தது.

பெயரை மாற்றிவிடலாமா என்று அவள் வீட்டில் கேட்டாள். பெரியவர் கூடாது என்றார். சின்னவர் மாற்றியே ஆக வேண்டும் என்றார். அத்தை, தனக்கு ஓட்டு இருக்கிற ஒரே இடம் அதுதான், அதை யாரும் தொடக் கூடாது என்றாள். அதனால் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. கதவைத்தான் இழைத்து, முழுசாகச் சாத்துகிற மாதிரி செய்தார்கள்.

ஊருக்குப் போகாமல் அத்தை இன்னும் நான்கு நாள் தங்கினாள். பெரியவர் சாய்வு நாற்காலியில் மதியத் தூக்கம் போடுவார். குறட்டை நடுவில் நின்றுபோகும். அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு விரலை மடக்கி எண்ணுவாள். எட்டாவது விரலுக்குள் பெரும்பாலும் வந்துவிடும். ஒரு நாள் ஒன்பது வரை போனது. சின்னவர் மெல்ல எழுந்து நின்றார்.

“உக்காருடா,” என்றாள் அத்தை. “நான் இன்னும் சொல்லல.”